ஒரு கப்பல், பத்துப் பெயர்கள்!

வாட்ஸ்அப்பும் செல்ஃபியும் வருவதற்கு முன்னால், கப்பலில் ஊர் சுற்றப் போனவர்கள் வீட்டுக்குச் செய்தி சொல்ல மலிவான வழி ஒன்று இருந்தது. படம் போட்ட அஞ்சலட்டை! முன்பக்கம், தாங்கள் ஏறியிருக்கும் கப்பலின் படம். பின்பக்கம், ஒரு பாதியில் விலாசம், மறு பாதியில் நாலு வரி.

அந்த அட்டைகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள் ஐரோப்பாவில் இன்றும் நிறைய. தபால்தலை சேர்ப்பது போல அதுவும் ஒரு பொழுதுபோக்கு. கப்பல் வாரியாக, வருட வாரியாக ஆல்பத்தில் அடுக்கி வைப்பார்கள்.

அப்படி அடுக்கும்போது ஒரு கப்பல் மட்டும் ஆளைக் குழப்பும். முதல் அட்டையில் அது சுவீடன் நாட்டுக் கப்பல். அடுத்ததில் கிழக்கு ஜெர்மனிக் கப்பல். பிறகு இத்தாலி. அதற்கும் பிறகு போர்ச்சுகல். ஊருக்கு ஒரு பேர் வைத்துக் கும்பிடும் அம்மன் மாதிரி, ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு ஒரு பெயர். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்து, ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் ஒன்றேதான். 1948-ல் முதல் பயணம் புறப்பட்ட அந்தக் கப்பல், 2025-ல்தான் உடைக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இடையில் 77 வருடங்கள், பத்துப் பெயர்கள். அட்டைகள் காட்டும் கதை ஒன்று. அட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் ஒளிந்திருக்கும் கதை இன்னொன்று.

முதல் அட்டை: ‘ஸ்டாக்ஹோம்’

சுவீடனின் மேற்குக் கரையில் இருக்கிறது கோதன்பர்க் துறைமுகம். வறுமை தாங்காமல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த லட்சக்கணக்கான சுவீடன்காரர்கள் புறப்பட்டது இங்கிருந்துதான். அமெரிக்கக் கப்பல்கள் நின்ற கரையில், பயணிகளுக்காகக் கட்டிய கட்டடம் இன்றும் நிற்கிறது. அதை ‘அமெரிக்கக் கொட்டகை’ என்றே உள்ளூரில் சொல்கிறார்கள்.

அந்த ஊரின் யோட்டாவெர்கன் கப்பல் கட்டும் தளத்தில், 1946 செப்டம்பர் 9 அன்று புதிய கப்பல் ஒன்று நீரில் இறக்கப்பட்டது. சுவீடிஷ் அமெரிக்கன் லைன் நிறுவனம் அதற்கு நாட்டின் தலைநகர் பெயரையே வைத்தது: ‘ஸ்டாக்ஹோம்’. 1948 பிப்ரவரி 21 அன்று கோதன்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம்.

நீளம் 160 மீட்டர். கொள்ளளவு 12,165 டன். சுவீடனில் அதுவரை கட்டிய பயணிகள் கப்பல்களிலேயே பெரியது அதுதான். ஆனால் அட்லாண்டிக்கைக் கடந்த மற்ற சொகுசுக் கப்பல்களுக்குப் பக்கத்தில் நின்றால் குட்டிக் கப்பல். தொடக்கத்தில் 395 பேருக்குத்தான் இடம். முதல் வகுப்பில் 113, சாதாரண வகுப்பில் 282. பெரிய அலைகளில் அதிகம் ஆடும் கப்பல் என்ற பேரும் வாங்கியது.

அந்தக் காலத்து அட்டைகளில் அதன் அழகே தனி. வெள்ளை வெளேர் என்ற உடல். நடுவில் ஒரே ஒரு மஞ்சள் புகைபோக்கி. அதில் நீல வட்டத்துக்குள் மூன்று பொன் கிரீடங்கள், சுவீடன் நாட்டின் சின்னம். முன்பகுதி கூர்மையாக நீண்டு, பணக்காரர் ஒருவரின் உல்லாசப் படகு போலத் தெரியும். வடக்குக் கடலில் மிதக்கும் பனிக்கட்டிகளை எதிர்கொள்வதற்காக அந்த முன்முகத்தை மட்டும் கூடுதல் பலத்தோடு செய்திருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் எழுதிய அட்டையைக் கப்பலிலேயே தபாலில் சேர்க்கலாம். கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ, அந்த நாட்டுத் தபால்தலை அதற்குச் செல்லும். அடுத்த துறைமுகத்தில் தபால் பையை இறக்கும்போது ‘பாக்போ’ என்று ஒரு முத்திரை குத்துவார்கள். ‘கப்பலில் வந்த தபால்’ என்பதற்கான பிரெஞ்சு அடையாளம் அது. சேகரிப்பவர்களுக்கு அந்த முத்திரை இருந்தால் அட்டையின் மதிப்பே கூடிவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. படத்தில் தங்கள் அறை ஜன்னல் எதுவோ, அதன் மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்புவார்கள். ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டத்தான். படத்தில் கடுகளவு தெரியும் ஜன்னல்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

அட்டையில் வராத இரவு

1956 ஜூலை 25. காலை பதினொன்றரை மணிக்கு ‘ஸ்டாக்ஹோம்’ நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பப் புறப்பட்டது. எதிர்த் திசையில், இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து கிளம்பிய ‘ஆண்ட்ரியா டோரியா’ நியூயார்க்கை நெருங்கிக்கொண்டிருந்தது. அது ‘ஸ்டாக்ஹோம்’ போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. போரில் தோற்று நொந்திருந்த இத்தாலி, தன் ஓவியர்களையும் சிற்பிகளையும் கொண்டு அலங்கரித்துக் கடலில் விட்ட பெருமைச் சின்னம். பயணிகளும் ஊழியர்களுமாக அதில் 1,706 பேர்.

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே கடும் மூடுபனி. இரண்டு கப்பல்களிலும் ரேடார் இருந்தது. இரண்டுமே எதிரே ஒரு கப்பல் வருவதைத் திரையில் பார்த்தன. ஆனால் அது எந்தப் பக்கமாகக் கடந்து போகும் என்பதை ஆளுக்கொரு விதமாகக் கணித்தார்கள். விலகிப் போவதாக நினைத்து ஒன்று இடப்பக்கம் திரும்ப, மற்றொன்று வலப்பக்கம் திரும்ப, இரண்டும் ஒன்றையொன்று நோக்கியே வந்தன. விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.

இரவு சுமார் 11.10. பனிக்கட்டிக்காகப் பலப்படுத்தியிருந்த ‘ஸ்டாக்ஹோம்’ கப்பலின் முன்முகம், ‘ஆண்ட்ரியா டோரியா’வின் வலது விலாவைக் கிழித்துக்கொண்டு, மக்கள் தூங்கிக்கொண்டிருந்த அறைகளுக்குள் நுழைந்தது.

அந்த அறைகளில் ஒன்றில் 14 வயதுச் சிறுமியும் எட்டு வயதுத் தங்கையும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கை இறந்துபோனாள். பக்கத்து அறையில் இருந்த, அவர்களின் தாயை மறுமணம் செய்துகொண்டவரும் இறந்தார். ஆனால் அக்காவை, மோதிய கப்பலின் முன்முகம் அப்படியே அள்ளித் தன் மேல்தளத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கியது. இடிபாடுகளுக்கு நடுவே, ஸ்பானிய மொழியில் அம்மாவைக் கேட்டு ஒரு குரல் வருவதை ‘ஸ்டாக்ஹோம்’ மாலுமி ஒருவர் கேட்டார். அவர் ஸ்பெயின் நாட்டுக்காரர் என்பதால் அந்தச் சொல் அவருக்குப் புரிந்தது. பயணிகள் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அவள் ‘ஆண்ட்ரியா டோரியா’வின் பயணி என்பது தெரிந்தபோது எல்லோரும் திகைத்துப்போனார்கள்.

அந்தச் சிறுமியைப் பெற்ற தந்தை நியூயார்க்கில் பிரபலமான வானொலிச் செய்தியாளர். மகள் இறந்திருக்கலாம் என்ற அச்சத்தை மனதுக்குள் அடக்கிக்கொண்டு, அந்தக் கப்பலில் தன் மகள் இருப்பதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், விபத்துச் செய்தியை நாட்டுக்கு வாசித்தார். அவள் பிழைத்திருக்கிறாள் என்ற தகவல் அதற்குப் பிறகுதான் அவருக்குக் கிடைத்தது.

‘ஆண்ட்ரியா டோரியா’ ஒரு பக்கமாகச் சாய்ந்ததால் உயிர்காக்கும் படகுகளில் பாதியைக் கடலில் இறக்கவே முடியவில்லை. கூப்பிடு குரல் கேட்டு ‘இல் த ஃப்ரான்ஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் திரும்பி வந்து 753 பேரை ஏற்றிக்கொண்டது. முகம் நசுங்கிய ‘ஸ்டாக்ஹோம்’ கப்பலும் சும்மா நிற்கவில்லை. தான் மூழ்கவில்லை என்பது உறுதியானதும் தன் படகுகளை அனுப்பி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. மறுநாள் காலை 10.09-க்கு ‘ஆண்ட்ரியா டோரியா’ முழுவதுமாக மூழ்கியது. அந்தக் கப்பலில் 46 பேர், ‘ஸ்டாக்ஹோம்’ கப்பலில் ஐந்து பேர் என மொத்தம் 51 உயிர்கள் போயின.

யார் மீது தவறு? இரண்டு நிறுவனங்களும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன. தீர்ப்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை.

நசுங்கிய முகத்தோடு ‘ஸ்டாக்ஹோம்’ நியூயார்க் திரும்பிய புகைப்படம் உலகம் முழுக்கச் செய்தித்தாள்களில் வந்தது. புரூக்ளினில் புது முன்முகம் பொருத்தி, அதே வருடக் கடைசியில் கப்பல் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு ஒருவர் வீட்டுக்கு அனுப்பிய அட்டையிலும் அதே வெள்ளை உடல், அதே மூன்று கிரீடங்கள். படத்தைப் பார்த்தால் எதுவும் நடந்த மாதிரியே தெரியாது.

இரண்டாவது அட்டை: ‘மக்கள் நட்புறவு’

1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்தன. ஒரு வாரத்துக்கும் மேல் கடலில் ஆடிக்கொண்டு போவதற்குப் பதில், ஒரே நாளில் போய்விடலாம். சிறிய, பழைய ‘ஸ்டாக்ஹோம்’ விற்பனைக்கு வந்தது. 1960-ல் அதை வாங்கியது, யாரும் எதிர்பார்க்காத ஒரு நாடு: கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி.

புதுப்பெயர் ‘ஃபோல்கர்ஃப்ராய்ன்ட்ஷாஃப்ட்’. தமிழில் சொன்னால் ‘மக்கள் நட்புறவு’. தொழிற்சங்கத்தின் விடுமுறைக் கப்பல் அது. கோடீஸ்வரர்கள் மட்டும் அனுபவித்த கடல் பயணத்தை எந்திரத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் செவிலியரும் அனுபவிக்கலாம் என்று அரசு பெருமையோடு அறிவித்தது. சொந்தத் துறைமுகம் ராஸ்டாக். அதன் கடலோரப் பகுதியான வார்னமுண்டேயின் பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டித்தான் கப்பல் வெளியே போகும்.

கிழக்கு ஜெர்மனியின் அரசு அஞ்சலட்டை அச்சகம் இந்தக் கப்பலின் அட்டைகளை அச்சிட்டுத் தள்ளியது. கடலை ரசிக்கும் பயணிகள், பளபளக்கும் சாப்பாட்டுக் கூடம், விரிந்த நீலக்கடல். ‘விடுமுறைக் கப்பல்’ என்று பின்பக்கம் அச்சாகியிருக்கும்.

அது முழுப் பொய்யும் இல்லை. வெளிநாட்டையே பார்த்திராத பலர் இந்தக் கப்பலில்தான் முதல்முதலாகக் கருங்கடலையும் லெனின்கிராடையும் கியூபாவையும் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க அந்த நினைவைச் சொல்லி மகிழ்ந்தவர்கள் உண்டு.

ஆனால் நினைத்தவர் எல்லாம் டிக்கெட் வாங்கி ஏறிவிட முடியாது. நல்ல உழைப்பாளி என்று பெயர் எடுத்திருக்க வேண்டும். அரசுக்கு விசுவாசமானவரா, தப்பி ஓடக்கூடியவரா என்று ரகசிய போலீஸ் விசாரித்த பிறகே இடம் உறுதியாகும். கப்பலுக்குள்ளும் அவர்களின் கண்கள் இருந்தன. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பிய பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகியது. மேற்கத்திய ஊர்கள் கரையில் தெரியும். ஆனால் அங்கே இறங்கி நடக்க அனுமதி கிடையாது.

கருங்கடலுக்குப் போகும் வழியில் துருக்கியின் பாஸ்பரஸ் நீரிணை வரும். இரண்டு பக்கமும் இஸ்தான்புல் நகரம். வீடுகளின் ஜன்னல் வரை தெரியும் நெருக்கம். அப்படிப்பட்ட இடங்களில், கப்பலின் மேல்தளத்திலிருந்து தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பியவர்கள் இருந்தார்கள். ‘மக்கள் நட்புறவு’ என்று பெயர் எழுதிய கப்பலிலிருந்து, அடுத்த நாட்டுக் கரையை அடைய உயிரைப் பணயம் வைத்துக் குதித்தார்கள்!

1962 அக்டோபரில் இந்தக் கப்பல் உலக அரசியலுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கண்டுபிடித்த அமெரிக்க அதிபர் கென்னடி, அந்தத் தீவைச் சுற்றிக் கடல் முற்றுகை போட்டிருந்தார். அணுப் போர் மூளுமோ என்று உலகமே நடுங்கிய நாட்கள். அந்த நேரம் பார்த்துப் பயணிகளோடு கியூபாவை நோக்கி வந்தது இந்த விடுமுறைக் கப்பல். மறிக்கலாமா, விடலாமா என்று வெள்ளை மாளிகையில் விவாதமே நடந்தது. பயணிகள் கப்பலை மறித்து ஏதாவது விபரீதம் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்த கென்னடி, போக விடச் சொன்னார். கப்பல் முற்றுகைக் கோட்டைக் கடந்தது.

1966 முதல், குளிர்காலங்களில் இதே கப்பலைச் சுவீடன் நிறுவனம் ஒன்று வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தது. கிழக்கு ஜெர்மனிக்கு மேற்கத்தியப் பணம் தேவைப்பட்டது. தங்கள் நாட்டில் கட்டிய கப்பலில் சுவீடன்காரர்கள் உல்லாசமாகப் போனார்கள்; பிடித்த துறைமுகத்தில் இறங்கினார்கள், திரும்பி ஏறினார்கள். கப்பல் அதேதான், அறைகளும் அதேதான். யார் கையில் எந்த பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்து அது சுற்றுலாவாகவோ வேலியாகவோ இருந்தது.

அட்டையே தேவைப்படாத காலம்

25 வருடம் ஓடிய பிறகு, 1985-ல் கிழக்கு ஜெர்மனி புதுக்கப்பல் ஒன்றை வாங்கிக்கொண்டு இதைக் கழற்றிவிட்டது. பனாமா நிறுவனம் ஒன்று வாங்கியது. ‘ஃபோல்கர்ஃப்ராய்ன்ட்ஷாஃப்ட்’ என்ற நீளமான பெயரின் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஃபோல்கர்’ ஆக்கினார்கள். பெயரிலிருந்து ‘நட்புறவு’ உதிர்ந்தது. ‘மக்கள்’ மட்டும் மிஞ்சியது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வேலையில்லாமல் நின்றது.

பிறகு நார்வேயின் ஆஸ்லோவுக்கு இழுத்துப் போனார்கள். அங்கே அது பயணம் போகும் கப்பலாக இல்லை. அடைக்கலம் தேடி நார்வேக்கு வந்தவர்கள், தங்கள் மனுக்களுக்குப் பதில் வரும் வரை தங்கியிருக்கும் மிதக்கும் விடுதியாகக் கரையில் கட்டிப் போட்டார்கள்.

அப்போது அதன் பெயர் ‘ஃபிரிட்ஜோஃப் நான்சென்’. இந்தப் பெயருக்கு ஒரு கனம் உண்டு. நான்சென் வட துருவத்தை நோக்கிப் பயணம் செய்த நார்வே வீரர். பிற்காலத்தில் சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்து, நாடே இல்லாமல் தவித்தவர்களுக்கு ‘நான்சென் பாஸ்போர்ட்’ என்ற அடையாள ஆவணத்தை உருவாக்கித் தந்தார். 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்.

ஆஸ்லோ போகிறவர்கள் அவர் பயணம் செய்த ‘ஃப்ராம்’ என்ற மரக்கப்பலை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதே நகரத்தின் கரையில் அவர் பெயரைத் தாங்கிய கப்பலுக்குள், நாடு இழந்தவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் அட்டைகளை அச்சிடுவதே ‘வாருங்கள், ஏறுங்கள்’ என்று ஆசைகாட்டத்தான். காத்திருப்பவர்களைக் கூவி அழைக்க யாருக்கும் அவசியம் இல்லை. ஒரு காலத்தில் ஊர் விட்டு ஊர் போனவர்களை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற கப்பல், இப்போது எங்கும் நகராமல் அப்படிப்பட்டவர்களைச் சுமந்து நின்றது.

மூன்றாவது அட்டை: ‘இத்தாலியா பிரிமா’

1989-ல் கப்பலை வாங்கியவர்கள் இத்தாலியர்கள். புதுப்பிப்பதற்காக இழுத்துக்கொண்டு போன ஊர் எது தெரியுமா? ஜெனோவா! ‘ஆண்ட்ரியா டோரியா’ பிறந்த ஊர், அதன் சொந்தத் துறைமுகம். அந்தக் கப்பலுக்குப் பெயர் தந்த கடற்படைத் தளபதியும் அந்த ஊர்க்காரர்தான்.

33 வருடம் ஆகியும் ஜெனோவா மறக்கவில்லை. ‘சாவுக் கப்பல் வந்துவிட்டது’ என்று அங்கிருந்த பத்திரிகைகள் எழுதின.

அதே ஊரில்தான் அந்தக் கப்பலுக்கு மறுபிறவியும் கிடைத்தது. சுவீடன்காரர்கள் செய்த அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே இருந்த அறைகள், கூடங்கள், தளங்கள் அத்தனையையும் அகற்றினார்கள். பழைய என்ஜின்களைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தினார்கள். அடுக்குமாடி வீடு போல உயரமான புது மேற்கட்டு எழும்பியது. கொள்ளளவு 16,000 டன்னைத் தாண்டியது. 1994-ல் ‘இத்தாலியா பிரிமா’ என்ற பெயரில் வெளியே வந்தது. ‘முதல் இத்தாலி’ என்று பொருள்.

அந்தக் காலத்து அட்டையைப் பழைய ‘ஸ்டாக்ஹோம்’ அட்டையோடு ஒப்பிட்டால் உல்லாசப் படகின் அழகு போய்விட்டது தெரியும். முன்பக்கத்தின் கூர்மையான சாய்வு மட்டும் லேசாக நினைவூட்டும்; அதுவும், 1956-ல் புரூக்ளினில் பொருத்திய முகம்.

1998-ல் பெயர் ‘வால்டூர் பிரிமா’. இப்போது கியூபாவின் ஹவானாவை மையமாக வைத்துச் சுற்றுலா. ஹவானாத் துறைமுக வாயிலில் எல் மோரோ என்ற பழைய கல்கோட்டை நிற்கிறது. உள்ளே வரும் கப்பல் எதுவும் அதன் காலடியைத் தாண்டித்தான் வர வேண்டும். 1962-ல் சோஷலிசத் தொழிலாளர்களோடு வந்த அதே கப்பல், முப்பத்தாறு வருடம் கழித்து இத்தாலியச் சுற்றுலாப் பயணிகளோடு அதே கோட்டையைக் கடந்து வந்தது.

2001-ல் அமெரிக்காவில் நடந்த செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஊர் சுற்றவே ஜனங்கள் பயந்தார்கள். ஹவானாவிலேயே கப்பல் முடங்கியது. அடுத்த வருடம் இன்னொரு நிறுவனத்தின் கீழ் ‘கரீப்’ என்ற பெயரில் மீண்டது.

நான்காவது அட்டை: ‘அதீனா’வும் 29 படகுகளும்

2005-ல் கப்பல் போர்ச்சுகல் பக்கம் போய் ‘அதீனா’ ஆனது. பிரம்மாண்டமான புதுக் கப்பல்களில் சறுக்கு விளையாட்டும் வணிக வளாகமும் இருந்த காலம். ‘அதீனா’வில் சில நூறு பேருக்குத்தான் இடம். பெரிய கப்பல் நுழைய முடியாத சின்னத் துறைமுகங்களுக்கு அது போகும். கடலைப் பார்த்துக்கொண்டு அமைதியாகப் பயணம் செய்ய விரும்பியவர்கள், அதிலும் வயதானவர்கள், அதைத் தேடி வந்தார்கள்.

2008 டிசம்பர் 3. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையர்கள் வளைத்துக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் சுற்றிலும் 29 படகுகள் என்று செய்தி வந்தது. ஊழியர்கள் உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாய்களைப் பீய்ச்சி அவர்களை ஏற விடாமல் தடுத்தார்கள். கண்காணிப்பு விமானம் ஒன்று மேலே வட்டமிட்டது. யாருக்கும் காயம் இல்லை. கப்பல் தப்பித்துத் தன் வழியே போனது.

ஆனால் கடனிலிருந்து தப்ப முடியவில்லை. 2012-ல், பாக்கி வைத்த பணத்துக்காக பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் கப்பலைப் பிடித்து வைத்தார்கள். நிறுவனமும் திவாலானது.

ஐந்தாவது அட்டை: கறுப்பு உடல், கடைசிப் பெயர்

2013-ல் லிஸ்பனைச் சேர்ந்த புது நிறுவனம் வாங்கி, போர்ச்சுகலுக்குச் சொந்தமான அட்லாண்டிக் தீவுகளின் பெயரை வைத்தது: ‘அசோர்ஸ்’. பழைய காலத்து லைனர்களை நினைவூட்ட உடலுக்குக் கறுப்பு, புகைபோக்கிக்கு மஞ்சள். இந்த அட்டையைப் பார்த்து ‘ஆஹா, எவ்வளவு பழைமையான கப்பல்!’ என்று வியப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே பழைய காலத்தில் அது வெள்ளைக் கப்பல். பழசு போலக் காட்டப் பூசிய கறுப்புதான் புதுசு.

2016-ல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் கீழ் கடைசிப் பெயர் கிடைத்தது: ‘ஆஸ்டோரியா’. அப்போது ஆழ்கடலில் ஓடிக்கொண்டிருந்த பெரிய பயணிகள் கப்பல்களில் உலகிலேயே வயதானது என்ற பெருமையும் சேர்ந்தது. ஒரு காலத்தில் எல்லோரும் மறக்க நினைத்த பழைய கதையே இப்போது அதன் கவர்ச்சி. ‘ஆண்ட்ரியா டோரியாவை மோதிய கப்பல்’ என்று தெரிந்தே, அதற்காகவே ஏறியவர்கள் இருந்தார்கள்.

2020-ல் கொரோனா வந்தது. பயணங்கள் நின்றன, நிறுவனம் திவாலானது. ‘ஆஸ்டோரியா’வை நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் கட்டி வைத்தார்கள். யாராவது வாங்கி ஹோட்டலாக்குவார்கள், அருங்காட்சியகமாக்குவார்கள் என்றெல்லாம் கப்பல் ரசிகர்கள் காத்திருந்தார்கள். வருடங்கள் ஓடின, துரு ஏறியது.

2025 கோடையில் இழுவைப் படகுகள் அதை பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்குக் கொண்டு போயின. கெண்ட் கடற்கரை ஊர் இல்லை. கால்வாய் வழியாக உள்நாட்டுக்குள் போக வேண்டும். இரண்டு பக்கமும் தொழிற்சாலைகளும் வயல்களுமாகக் கிடக்கும் கால்வாயில், பத்துப் பெயர் தாங்கிய கப்பல் என்ஜின் சத்தம் இல்லாமல் நகர்ந்து, உடைக்கும் இடத்தை அடைந்தது. அந்தப் பயணத்தில் பயணிகள் யாரும் இல்லை. அட்டை எழுதவும் ஆளில்லை.

பின்பக்கத்தையும் பாருங்கள்

ஆல்பத்தில் இந்தக் கப்பலின் அட்டைகளை வரிசையாக வைத்தால், எல்லாப் படத்திலும் வெயில் அடிக்கும். எல்லாவற்றிலும் கடல் அமைதியாக இருக்கும். 1956-ன் மூடுபனி இரவு அதில் இல்லை. பாஸ்பரஸில் குதித்தவர் இல்லை. ஆஸ்லோவில் பதிலுக்காகக் காத்திருந்தவரும் இல்லை. அட்டையை அச்சிட்டவர் கப்பலை விற்க நினைத்தார். அதனால் கப்பலை மட்டும் காட்டினார்.

மனிதர்கள் இருப்பது அட்டையின் பின்பக்கத்தில். மங்கிய மசியில் நாலு வரி, தேதி, ஒரு முத்திரை. சிலவற்றில் மட்டும், படத்தின் மேலேயே ஒரு ஜன்னலைக் காட்டும் சின்னப் பெருக்கல் குறி. எந்தப் பெயரில், எந்த நாட்டுக் கொடியோடு அந்தக் கப்பல் போயிருந்தாலும், அதன் உண்மையான வரலாற்றை எழுதியவர்கள் அவர்கள்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய டிரங்குப் பெட்டியிலோ யாரோ எந்த ஊரிலிருந்தோ அனுப்பிய பட அட்டை ஒன்று கிடக்கலாம். கிடைத்தால் படத்தை ரசித்துவிட்டு அப்படியே வைத்துவிடாதீர்கள். திருப்பிப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எழுதியது யார், எதற்காக அவ்வளவு தூரம் போனார் என்று கேட்டும் வையுங்கள்.